நுகா தூக்கிய கால்

தான் வரைந்த தாள்களின் ஓரத்தை விரல்களுக்கிடையே சொருகிக்கொண்டு தொகிகோ அவற்றைப் புரட்டிப் பார்த்தாள். நுகா நடந்தது. மறுபடி புரட்டினாள். மறுபடியும் நடந்தது. முதுகு ஏறி இறங்கியது. வால் உடம்புக்குச் சற்றுப் பிந்தி அசைந்தது. எடை எந்தக் காலில் விழ வேண்டுமோ அந்தக் காலில் விழுந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் செத்த எலியை நூலில் கட்டி இழுத்துக்கொண்டு போவது போலத்தான் இருந்தது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் குராமொச்சி சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"நடக்குது," என்றார். "ஆனா எங்கயும் போகல."

அவர் போன பிறகு அவள் அந்தத் தாள்களைக் கசக்காமல், அடுக்கி, மேசைக்குக் கீழே இருந்த பெட்டியில் போட்டாள். பெட்டி ஏறக்குறைய நிறைந்திருந்தது.

அவர்கள் வரைந்து எடுத்துக்கொண்டிருந்த அசைவோவியப் படம் குழந்தைகளுக்கானது. மலையூர் ஒன்றில் மழைநீர் ஓடும் கால்வாயில் ஒரு பிராணி வாழ்கிறது. ஒரே ஒரு சிறுமியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. நனைந்த குருவியின் உடம்பு, ஆட்டுக்குட்டியின் பின்னங்கால்கள், முன்னால் இரண்டு குட்டிக் கைகள், தேய்ந்த துடைப்பம் மாதிரி ஒரு வால். அரிசித் தவிட்டு நிறம் என்பதால் தவிடு என்ற பொருளில் குராமொச்சி அதற்கு நுகா என்று பெயர் வைத்தார். கண்கள் இரண்டு புள்ளிகள். வாய் கிடையாது. வாய் வேண்டாம் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். "வாய் வெச்சா சிரிச்சுத் தொலைக்கும். சிரிச்சா அது பொம்மை. அதுக்கு என்ன தோணுதுன்னு முதுகுல தெரியணும், முழங்கால்ல தெரியணும்."

உருவத்தையும் அசைவையும் தொகிகோவிடம் ஒப்படைத்திருந்தார். அந்த ஓவியக் கூடத்தில் விலங்குகளை அவள் அளவுக்கு வரையக்கூடியவர்கள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்றும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிப்ரவரியில் அவளுடைய ஆறு வயது மகள் ஷிஹோ, சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள், இரண்டாம் நாள் வலிப்பு வந்து, மூன்றாம் நாள் இல்லாமல் போனாள். வசந்தத்தில் தொகிகோ வேலைக்குத் திரும்பியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. மழை, புகை, காற்றில் ஆடும் புல் என்று முகமில்லாதவற்றையே அவளுக்குக் கொடுத்துவந்தார்கள். இலையுதிர் காலத்தில்தான் நுகா வந்தது. நாடு முழுவதும் அப்போது மரணப் படுக்கையில் இருந்த பேரரசரின் காய்ச்சல் அளவைத் தினமும் செய்தியில் கேட்டுக்கொண்டிருந்தது. ஊர்த் திருவிழாக்களைக்கூட நிறுத்திவிட்டார்கள். காலையில் வானொலியில் அந்த அளவைச் சொல்லும்போது தொகிகோ எழுந்து போய்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுவாள்.

ஒரு பிற்பகல், நுகா கால்வாய்ச் சுவரின் விளிம்பிலிருந்து கீழே குதிக்கும் காட்சியை அவள் வரைந்துகொண்டிருந்தாள். விளிம்புக்கு வருகிறது, குதிக்கிறது. அவ்வளவுதான் காட்சி. கை தன்பாட்டுக்கு ஓடியது. அவள் மனம் வேறெங்கோ, அன்றைக்கு வாங்க வேண்டிய முள்ளங்கியில் இருந்தது. வரைந்து முடித்துத் தாள்களைப் புரட்டினாள்.

நுகா விளிம்புக்கு வந்தது. குதிக்கவில்லை. நின்றது. ஒரு காலை மட்டும் தூக்கியது. கீழிருந்து யாரோ ஏதோ சொல்வதைக் கேட்பது போலத் தலையைத் தோளில் சாய்த்தது. ஈரத்தை உதறுவது போல இரண்டு கைகளையும் உதறியது. பிறகு தூக்கிய காலைக் கீழே வைத்து, இரண்டு காலும் சேர்த்துத் தொப்பென்று குதித்தது.

தொகிகோவின் விரல்கள் தாளிலேயே ஒட்டிக்கொண்டன.

அவர்களுடைய வீட்டுக்கு முன்பகுதி முடிதிருத்தும் கடை. அவள் கணவன் யசுஹிகோ நடத்துவது. ஓகிகுபோ ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், கடைக்கும் தெருவுக்கும் நடுவே ஒரே ஒரு படி. பெரியவர்களுக்குப் படி, ஆறு வயதுக்கு அது மதில். ஷிஹோ பாலர் பள்ளிக்குப் போகும்போது கடை வழியாகத்தான் போவாள். தினமும் அந்தப் படியில் நின்று, ஒரு காலைத் தூக்கி, தலையைச் சாய்த்து, கையை உதறி, குதிப்பாள். சீக்கிரம் போ, நேரமாச்சு என்று பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தொகிகோ அதட்டுவாள். எதற்கு நிற்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வரைந்த தாள்களைப் படம் பிடித்து ஓட்டிப் பார்க்கும் கருவி கூடத்தின் ஒரு மூலையில் இருந்தது. நுகா குதிப்பதைக் குராமொச்சி அதில் ஒருமுறை பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். பிறகு அவரே பொத்தானை அழுத்தினார். ஒவ்வொருவராக எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். அசைவின் ஒரு முக்கிய நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே வருகிற நூற்றுக்கணக்கான ஓவியங்களைச் சரிபார்க்கும் எபிஹாரா, ஐம்பது வயதுப் பெண், எதையும் எளிதில் மெச்சாதவள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"பாவி, கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கு," என்றாள்.

"எங்கேந்து புடிச்சீங்க நிரசாவா சான்?" என்று தொகிகோவைக் குடும்பப் பெயரால் மரியாதையாக அழைத்துக் குராமொச்சி கேட்டார்.

"பூனை," என்றாள் தொகிகோ. "எங்க தெருவுல ஒண்ணு இருக்கு."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். "நல்ல பூனை," என்று சொல்லிவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினார்.

நுகாவை அவள் ஒருத்தியே வரைந்து முடிக்க முடியாது. முப்பது பேர் வரைய வேண்டும். முப்பது பேர் வரைந்தாலும் ஒரே நுகாவாக இருக்க வேண்டும். அதற்காக அசைவை விளக்கும் மாதிரித் தாள் ஒன்றை அவள் தயாரித்தாள். முன்னிருந்து, பின்னிருந்து, பக்கவாட்டில். ஓரத்தில் குறிப்புகள்: குதிக்கும் முன் நிற்கும். இடது காலைத் தூக்கும். தலை இடது தோளில் சாயும். கையை உதறும், இரண்டு முறை. பிறகுதான் குதிக்கும். அதைப் படியெடுத்து எல்லா மேசைகளிலும் ஒட்டினார்கள். வரைகிறவர்களின் மேசையில் எப்போதும் ஒரு சிறு கண்ணாடி இருக்கும், தங்கள் முகத்தையே பார்த்துப் பாவனைகளைப் பிடிப்பதற்கு. இந்த அசைவுக்கு முகம் போதவில்லை. தாடி வைத்த ஆண்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நடைவழியில் ஒற்றைக்காலில் நின்றார்கள். நூடுல்ஸ் கடை வாசலில் இடம் கிடைக்கக் காத்திருக்கும்போது ஒருவன் நின்றான். எபிஹாரா கழிப்பறைக் கதவுக்கு முன்னால் நின்று கையை உதறி, "உள்ள யாரு, சீக்கிரம் வாங்க, நுகாவுக்கு அவசரம்," என்றாள்.

முதலில் தொகிகோவுக்கு அது எப்படி இருந்தது என்றால், நெடுநாள் பசித்தவனுக்குச் சூடான கஞ்சி இறங்குவது போல இருந்தது. மறந்துபோய்விடுவோம் என்ற பயம் அவளுக்குக் கோடையிலிருந்தே இருந்தது. குரல் ஏற்கெனவே போய்விட்டது. வீட்டில் இருந்ததெல்லாம் புகைப்படங்கள். எல்லாவற்றிலும் ஷிஹோ இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கிறாள். வீடியோ கேமரா வாங்குவதை ஏப்ரலில் பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள். அசையாததை அசைய வைப்பதே பிழைப்பாக இருந்தவளிடம், சொந்த மகள் அசைந்ததற்கு ஒரு நொடிச் சாட்சிகூட இல்லை. இப்போது முப்பது பேர், யாரென்று தெரியாமலே, அவளை நினைவு வைத்திருக்கிறார்கள். தொகிகோ காலையில் நிலையத்திலிருந்து கூடத்துக்கு ஏறத்தாழ ஓடினாள்.

திங்கட்கிழமை முடிதிருத்தும் கடைகளுக்கு விடுமுறை. வேலை நெருக்கும் மாதங்களில், வெளியே போக நேரமில்லாதவர்களுக்கு முடி வெட்ட யசுஹிகோ கத்தரியும் துணியும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வருவது வழக்கம். அந்த டிசம்பரிலும் வந்தான். நடைவழியில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நாற்காலியைப் போட்டு, குராமொச்சியை உட்கார வைத்தான்.

"மேல கொஞ்சம் விட்டு வைங்க," என்றார் குராமொச்சி. "தயாரிப்பாளர் புடிச்சு இழுக்கறதுக்கு ஏதாவது வேணுமில்ல."

"அவர் இழுத்தது போக மிச்சம்தான் இங்க இருக்கு," என்றான் யசுஹிகோ.

படம்பிடிக்கும் அறை நடைவழியைவிட ஒரு படி தாழ்வு. கையில் ஓவியக் கட்டோடு வந்த ஓர் ஓவியன் அந்தப் படியில் நின்றான். கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினான். தலையைச் சாய்த்தான். கைகளை உதறினான். குதித்தான். நடைவழியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கத்தரிச் சத்தம் நின்றது.

"என்ன நிரசாவா சான், என் காது போயிடுச்சா?" என்றார் குராமொச்சி, தலையைத் திருப்பாமல்.

"இல்ல," என்றான் யசுஹிகோ. "இருக்கு."

அவன் வெட்டி முடித்தான். அடுத்தவருக்கும் வெட்டினான், அதற்கு அடுத்தவருக்கும். முடியைப் பெருக்கி, செய்தித்தாளில் சுருட்டி எடுத்துக்கொண்டான். தொகிகோவும் அன்று சீக்கிரம் கிளம்பினாள். இருவரும் ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள்.

ஷிஹோ பிறந்ததிலிருந்து அவன் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான். அவள் அவனை அப்பா என்பாள். எல்லா வீடுகளிலும் அப்படித்தான். குழந்தை என்ன சொல்லிக் கூப்பிடுமோ அதையே பெரியவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பிப்ரவரிக்குப் பிறகு அந்தச் சொற்கள் இரண்டும் வாயில் நிற்கவில்லை. பழைய பெயர்களுக்குத் திரும்பவும் முடியவில்லை. ஏழு வருடமாகச் சொல்லாத பெயர்கள், வேறு யாரையோ கூப்பிடுவது போலிருந்தது. அதனால் கூப்பிடுவதையே விட்டிருந்தார்கள். பேச வேண்டியிருந்தால் அருகில் வந்து நின்று பேசுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கத்தரிகளைக் கழுவித் துடைத்தான். உள்ளறையில் மாடத்தில் இருந்த ஷிஹோவின் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி மணியைத் தட்டினான். பிறகு சமையலறைக்கு வந்து அவள் அருகில் நின்றான்.

"அது அவதானே?"

"ஆமா."

"யார் சொல்லிக் குடுத்தது அவங்களுக்கு?"

"நான்தான். வரையும்போது வந்துடுச்சு. வேணும்னு பண்ணல."

"வந்துடுச்சு. சரி. அப்புறம் எல்லாருக்கும் பங்கு போட்டியே, அதுவும் தானா வந்துச்சா?"

அடுப்பில் குழம்பு பொங்கியது. அவன் கை நீட்டித் தணித்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்." அடுப்பை அணைத்தான். "அதுவும் கால் தப்பு. அந்தப் பையன் இடது கால தூக்கறான். அவ வலது காலத்தான் தூக்குவா."

"இடது."

"வலது. தினமும் பாத்திருக்கேன்."

"நான் பின்னாடியே நின்னு பாத்திருக்கேன். நீங்க வாசலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு யாருக்காவது சவரம் பண்ணிக்கிட்டு இருப்பீங்க."

"கண்ணாடி எதுக்கு இருக்கு? கண்ணாடியில..." என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றான்.

இருவரும் ஒரே நேரத்தில் அதை நினைத்தார்கள். கண்ணாடியில் வலது என்றால் உண்மையில் இடது. வாடிக்கையாளருக்கு முன்னால் உள்ள பெரிய கண்ணாடியில்தான் அவன் மகள் தினமும் படியிறங்கிப் போனாள்.

"அப்ப இடதுதான்," என்றாள் அவள்.

"இல்ல. இரு." அவன் கையைக் காற்றில் தூக்கி, இல்லாத தலை ஒன்றைப் பிடித்துத் திருப்பினான். "இருபது வருஷமா கண்ணாடியப் பாத்து வெட்டறவன். எனக்குள்ள அது தானா திரும்பிக்கும். வலதுன்னு நான் சொன்னா அது திருப்பினதுக்கு அப்புறம் சொல்றதாத்தான் இருக்கும். இருக்கணும்." குரல் தாழ்ந்தது. "அவள மட்டும் திருப்பாமப் பாத்தேனோ என்னவோ."

தொகிகோவுக்கு அந்த நிமிடம்வரை தன்மேல் சந்தேகமில்லை. ஆனால் அவன் கை காற்றில் திரும்பியதைப் பார்த்தபோது சந்தேகம் வந்தது. அவள் பார்த்தது பின்னாலிருந்து. அந்தக் காட்சியில் நுகா முன்பக்கம் பார்த்து நிற்கிறது. மனதில் இருந்ததை அவள் திருப்பித்தான் வரைந்திருக்க வேண்டும். திருப்பினாளா? அதோடு முடியவில்லை. ஓவியம் கோணலாக இருக்கிறதா என்று பார்க்க, வரைகிறவர்கள் தாளைக் கவிழ்த்து, அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பின்பக்கமிருந்து பார்ப்பார்கள். பின்பக்கத்திலேயே பென்சிலால் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தை மறுபடி முன்பக்கம் எடுப்பார்கள். கை பழகிய வேலை. எத்தனை முறை கவிழ்த்தாள் என்று எந்த ஓவியரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. முதலில் கை தானாக ஓடி வரைந்த அந்தத் தாள்கள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன.

"செருப்ப எடு," என்றான் யசுஹிகோ. "தேஞ்சிருக்கும் இல்ல. நிக்கற கால்தான் தேயும்."

காலணி அலமாரியின் கீழ்த்தட்டில் ஷிஹோவின் காலணி ஒரு ஜோடி இருந்தது. சிவப்பு. இருவரும் வாசலில் மண்டியிட்டு, விளக்கைப் பக்கத்தில் இழுத்து, அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கு ஆகட்டும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கியது. புத்தாண்டுக்கு ஒருமுறை போட்டாள், லொடலொடவென்று இருக்கிறது என்று கழற்றிவிட்டாள். அடியில் ரப்பர் வரிகள் கடையில் இருந்தது போலவே இருந்தன. தினமும் போட்டுத் தேய்த்த பழைய துணிக் காலணியை, அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று, சவப்பெட்டிக்குள் அவள் காலருகே வைத்தது யசுஹிகோதான். தகனம் முடிந்து எலும்பை எடுக்கப் போனபோது அது இருந்த இடத்தில் எதுவும் இல்லை.

அவன் சிவப்புக் காலணிகளைச் சேர்த்து வைத்தான், முன்பக்கம் தெருவைப் பார்க்கும்படி. பிறகு திருப்பி அலமாரியில் வைத்தான்.

அன்றிலிருந்து தொகிகோ கண்ணை மூடிப் பார்க்கத் தொடங்கினாள். மேசையில், ரயிலில், அரிசி களையும்போது. படி வந்தது, கதவு வந்தது, பாலர் பள்ளியின் மஞ்சள் தொப்பி வந்தது. படியில் வந்து நின்றதும் உருவம் மாறியது. துணி போய்க் கோடு வந்தது. கரும்பென்சில் கோடு, அவளுடைய கோடு, முழங்காலில் சற்று அழுத்தியது. கோடு காலைத் தூக்கியது, தலையைச் சாய்த்தது. முகத்தைப் பார்க்க அவள் இன்னும் அருகில் போனாள். இரண்டு புள்ளிகள் இருந்தன. வாய் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

பாலர் பள்ளி ஆசிரியையிடம் போய்க் கேட்டாள். அந்தப் பெண் அழுதாள், தேநீர் கொடுத்தாள், ஷிஹோ பாடியதைப் பற்றி நிறையச் சொன்னாள். "குதிக்கறதா? எங்க பள்ளியில படியே இல்லயே அம்மா," என்றாள்.

மறுநாள் தொகிகோ குராமொச்சியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"குதிக்கறதுக்கு முன்னாடி நிக்கறது. அத எடுத்துடணும்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. ஓவியங்களைக் கண்ணாடி போன்ற செல் தாள்களில் பதித்து வண்ணம் பூசும் பெண்கள் ஏற்கெனவே பாதிப் படத்தை முடித்திருந்தார்கள். சுவரோரம் கயிற்றில் நூறு நுகாக்கள் ஒற்றைக்காலில் காய்ந்துகொண்டிருந்தன.

"பூனைன்னு சொன்னீங்க," என்றார்.

"ஆமா."

"பூனைக்கு உதறக் கை ஏது? அன்னிக்கே தெரியும் எனக்கு. உங்க வீட்டுக்கு நான் வந்திருக்கேன். அந்தப் படியில அவ குதிச்சு என் வயித்துல முட்டியிருக்கா." சிகரெட்டைத் தேடினார், கிடைக்கவில்லை. "தெரிஞ்சேதான் கேக்கல. கேட்டா எடுத்துடச் சொல்லுவீங்கன்னு. திருட்டுதான். வேற பேர் இல்ல."

அவள் சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த நுகாக்களைப் பார்த்தாள்.

"எடுத்துட்டா என்ன மிச்சம் இருக்கும்? ரெண்டு கால், ஒரு வால். நுகா செத்து..." அவர் நிறுத்தினார். எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவள் முன்னால் தலை தாழ்த்திக் குனிந்தார். அவர் உச்சியில் யசுஹிகோ விட்டு வைத்திருந்த முடி முன்னால் விழுந்தது. நிமிர்ந்தபோது, வேறு குரலில் கேட்டார். "என்ன தப்பு அதுல? ஏதோ தப்புன்னுதான் தோணுது உங்களுக்கு. சொல்லுங்க."

"கால்." "எந்தக் கால்னு... அவரு வலதுங்கறாரு."

குராமொச்சியின் முகம் தெளிந்தது. தீர்க்கக்கூடிய சிக்கல் ஒன்றைக் கண்டுவிட்டவரின் முகம் அது.

"இவ்வளவுதானா? அடக் கடவுளே. செல் தாளுக்கு முன்பக்கம் ஏது, பின்பக்கம் ஏது. மிச்சத்த வலது கால்ல வரைவாங்க, முடிஞ்சதக் கவிழ்த்து வெச்சு மறுபடி படம் புடிச்சா ஆச்சு. ஒரு தாள்கூட வீணாகாது. படம்பிடிக்கறவன் திட்டுவான், திட்டட்டும்." காய்ந்துகொண்டிருந்த ஒன்றை எட்டி எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பினார். இடது காலைத் தூக்கி நின்ற நுகா வலது காலைத் தூக்கி நின்றது. மறுபடி திருப்பினார். "சொல்லுங்க. இடதா, வலதா? நீங்க சொல்ற காலுக்கு மாத்திடறேன். அடுத்த வாரம் மத்ததெல்லாம் படம் புடிக்கப் போகுது, அதுக்குள்ள சொல்லுங்க."

அவர் கையில் அது திரும்பிக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கமும் அது குதிக்கத் தயாராக நின்றது, அந்தப் பக்கமும். இரண்டு பக்கமும் அவள் மகளாக இருந்தது, இரண்டு பக்கமும் யாரோ வரைந்த ஒரு பிராணியாகவும் இருந்தது. தப்பாக இருக்கும் பக்கம் கண்ணில் உறுத்தும் என்று அவள் இதுவரை நம்பியிருந்தாள். எதுவும் உறுத்தவில்லை. பதினாறு வருடம் அசைவைப் பார்த்துப் பழகிய கண் அது.

"கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

யாரைக் கேட்பாள் என்று அவர் கேட்கவில்லை.

மறுவாரம் திங்கட்கிழமை காலை, குராமொச்சிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். கடைக்கு விடுமுறை, வாசலில் உள்ள சிவப்பு வெள்ளை நீலக் கம்பம் சுழலாமல் நின்றது. தொகிகோ வேலைக்குக் கிளம்பிக் கடை வழியாக வந்தபோது யசுஹிகோ படியில் நின்றுகொண்டிருந்தான், வீட்டுச் செருப்போடு, தெருவைப் பார்த்து. தான் வருவதற்கு முன்பே அவன் சிறிது நேரமாக அங்கே நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. காது சிவந்திருந்தது.

"உடம்புக்குத் தெரியுமோன்னு பாத்தேன்," என்றான். "அவ என்னை மாதிரிதான் நிப்பான்னு எங்கம்மா சொல்லுவாங்க."

"தெரியுதா?"

"எந்தக் கால்ல நின்னாலும் முட்டி வலிக்குது. அவ்வளவுதான் தெரியுது."

சிரிப்பு போல ஏதோ வந்து இருவரிடமும் நிற்காமல் போயிற்று. அவள் அவனைக் கடந்து தெருவில் இறங்கி, சில அடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தாள். ஏதாவது ஒன்றை வரைய வேண்டியிருந்தால் அப்படித்தான் நிற்பாள். எதிரில் கீரை வைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அம்மா, இப்ப பாரு," என்றான் யசுஹிகோ. அம்மா என்று சொன்னது அவனுக்கே தெரியவில்லை.

வலது காலைத் தூக்கினான். கனத்த, நாற்பத்தைந்து வயது உடம்பு. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தவன் அதையும் விட்டான். தலையைத் தோளில் சாய்த்தான். கழுத்து பாதிதான் சாய்ந்தது. கைகளை உதறினான், முடி வெட்டி முடித்ததும் துணியை உதறுவது போல.

தொகிகோ பார்த்தாள். அவளால் சொல்ல முடியவில்லை. தன் உடம்பில் ஏதாவது எழுமா என்று பையைத் தரையில் வைத்துவிட்டு அவளும் ஒரு காலைத் தூக்கினாள். அவனுடைய வலது காலுக்கு எதிரே அவளுடைய இடது கால் எழுந்தது. அவன் தலை சாய்ந்த பக்கமே அவள் தலையும் சாய்ந்தது. நடுவில் கண்ணாடி வைத்தது போல இருந்தது. இரண்டு பேர் வாயிலிருந்தும் மூச்சு வெள்ளையாக வந்தது.

அவன் கால் நடுங்கத் தொடங்கியது. கீழே வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அவர்களுக்கு நடுவே அந்த ஒற்றைப் படியின் விளிம்பு இருந்தது, யாரும் மிதிக்காத ஓரத்தில் இரவுப் பனி இன்னும் உறைந்தபடி.